கப்பல் ஊருக்குச் சோறு போடவில்லை

சென்ற இதழில் வெளிவந்த சொகுசுக் கப்பல் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். கட்டுரையாளர் மூன்று தடவை கப்பலேறியவர் என்று தெரிகிறது. நான் பதினொரு ஆண்டுகள் அதே மாதிரிக் கப்பல்களில் கேபின் துடைத்தவன். அவர் மேல்தளத்தில் நின்று பார்த்ததை எழுதியிருக்கிறார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் வாழ்ந்தவன் பதில் சொல்லாமல் இருந்தால், அவர் சொன்னதே உண்மை என்று ஆகிவிடும்.

அவருடைய வாதத்தின் முதுகெலும்பு ஒன்றுதான். கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்த ஊர் செழிக்கிறது, கப்பல் வேண்டாம் என்று கொடி பிடிக்கும் ஊர்க்காரர்கள் நன்றி கெட்டவர்கள் என்கிறார். இதற்கு அவர் காட்டும் ஆதாரம், பால்கனியிலிருந்து பார்த்தபோது கரையில் தெரிந்த கூட்டம்.

நான் காட்டும் ஆதாரம் குப்பைத் தொட்டி. என் பொறுப்பில் பதினெட்டு கேபின்கள் இருந்தன. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். துறைமுகத்தில் நின்ற நாளின் மாலைத் தொட்டியைக் கொட்டினால் அந்தக் குடும்பம் ஊரில் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். கப்பலிலேயே நிரப்பிக்கொண்டு போன தண்ணீர் பாட்டில். பஃபேயிலிருந்து நாப்கினில் சுற்றி எடுத்துப்போன பிஸ்கட்டின் தூள். கப்பல் அச்சடித்துக் கொடுத்த கடை வரைபடம். ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மையின் பிளாஸ்டிக் உறை. பெரும்பாலான நாட்களில் இவ்வளவுதான். அந்த வரைபடத்தில் இடம்பெறுவதற்குக் கடைகள் காசு கட்ட வேண்டும் என்பது பயணிகளில் பலருக்குத் தெரியாது. எல்லாத் துறைமுகத்திலும் அதே வைரக்கடையும் அதே கைக்கடிகாரக் கடையும் வந்து நிற்பது இதனால்தான். கூடை முடையும் கிழவிக்கு அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். காலை எட்டுக்குக் கப்பலைக் கட்டுவார்கள். சுங்க, குடியேற்ற அனுமதி முடிந்து, பயணிகள் இறங்கி ஏறும் பாலமான கேங்வே திறக்க எட்டரை ஆகும். ஆழம் இல்லாத துறையென்றால் கரைக்குக் கூட்டிப்போகும் டெண்டர் படகுக்கு வரிசை. அதில் ஒரு மணி நேரம் போகும். மாலை நாலரைக்கு எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். நடுவில் மதியச் சாப்பாடு. கப்பலில் சோற்றுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே, கரையில் எதற்குச் செலவு செய்வது என்று பாதிப் பேர் பன்னிரண்டரைக்கே திரும்பிவிடுவார்கள். அட்டையைத் தொட்டதும் கேங்வே கருவி எழுப்பும் மணியோசை அந்த நேரத்தில் ஓயாமல் கேட்கும். கரையில் உணவகம் வைத்திருப்பவர் வாசலில் நின்று அந்தக் கூட்டம் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைப் பயணிகளின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. தொழிலின் அமைப்பே அப்படி. டிக்கெட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மதுவிலும் சூதாட்டத்திலும் மசாஜிலும் கடையிலும் பிடிப்பதுதான் பெரிய கப்பலின் வியாபாரம். பெரும்பாலான நாடுகளில் துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் காசினோவையும் வரியில்லாக் கடையையும் திறக்கக் கூடாது. ஆகவே கரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பலுக்கு நஷ்டம். இதற்குக் கப்பல் நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி தனியார் கடற்கரை. ராயல் கரீபியன் நிறுவனம் ஹைட்டியில் லபாடி என்ற கரையைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டு வைத்தது. 2010 ஜனவரி 12-இல் அந்த நாட்டைப் பூகம்பம் புரட்டிப்போட்டது. 15-ஆம் தேதி லபாடியில் கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் தலைநகரில் இடிபாடுகளுக்குள் பிணங்கள் கிடக்க, அதே நாட்டின் கரையில் பயணிகள் நீந்தினார்கள். ஊரைத் தொடாமல் ஊருக்குப் போய்வரும் வித்தை இது. கட்டுரையாளர் இதைத்தான் செழிப்பு என்று எழுதுகிறார்.

அடுத்து, நன்றி கெட்டவர்கள் யார் யார் என்று பார்ப்போம்.

வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாயில் 2019 ஜூன் 2 அன்று 65,000 டன் கொள்ளளவுள்ள எம்எஸ்சி ஓபெரா கட்டுப்பாடு இழந்து, கரையோரம் நின்ற சுற்றுலாப் படகு மீது மோதியது. சிலர் காயமடைந்தார்கள். நான் அப்போது வேறொரு கப்பலில் இருந்தேன். அந்த விபத்தின் வீடியோவை ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில் பத்துப் பேர் ஒரே போனில் குனிந்து பார்த்தோம். கப்பலின் சங்கு விடாமல் அலற, கரையில் ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள். எங்களில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. அந்தக் கால்வாயில் எங்கள் கப்பல் போகும்போது, ஜன்னலுக்கு எதிரே மாடி வீட்டில் துணி காயப்போடும் பெண்ணின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியும். அவ்வளவு நெருக்கம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியில் வரக்கூடாது என்று இத்தாலி அரசு தடை போட்டது. அந்தப் பெண் நன்றி கெட்டவளா?

அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு நாளில் 1,500 பேருக்கு மேல் கப்பலிலிருந்து இறங்கக்கூடாது என்று பெரும்பான்மை மக்கள் வாக்களித்தார்கள். சுற்றுலாவை நம்பியே வாழும் தீவு அது. கப்பலில் வருகிறவர் அரை நாளில் போய்விடுவார், விடுதியில் தங்குகிறவர்தான் செலவழிப்பார் என்று கடைக்காரர்களுக்கே தெரிந்திருந்தது. 2021-இல் ஃபுளோரிடா மாநில அரசு சட்டம் போட்டு அந்த வாக்கெடுப்பைச் செல்லாததாக்கியது. ஊர் ஒன்று சொன்னது, மேலே இருந்தவர்கள் வேறொன்று செய்தார்கள்.

அலாஸ்காவின் ஜூனோவில் சுமார் 32,000 பேர் வாழ்கிறார்கள். அங்கே 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் கிடையாது. 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 பயணிகள், சனிக்கிழமைகளில் 12,000 என்று நகராட்சியும் கப்பல் நிறுவனங்களும் சேர்ந்தே ஒப்பந்தம் போட்டன. சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்ற தீர்மானம் 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றுப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பலால் வரும் வருமானத்தை அந்த ஊர் அறியாமல் இல்லை. அறிந்துகொண்டே அளவு கேட்கிறது. அளவு கேட்பவனை நன்றி கெட்டவன் என்பது, பந்தியில் போதும் என்று இலையை மறைப்பவனை அடிப்பதற்குச் சமம்.

புதுச்சேரிக்காகக் கட்டுரையாளர் விட்ட கண்ணீருக்கும் பதில் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டிலியா எம்ப்ரஸ் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலுக்குள் இருக்கும் சூதாட்டம் பற்றி அங்கே எதிர்ப்பு எழுந்தது. பொன்னான வாய்ப்பு கைநழுவியது என்கிறார் இவர். அந்தக் கப்பல் 1990-இல் கட்டியது, கொள்ளளவு 48,563 டன். வெனிஸ் கால்வாய்க்கு இத்தாலி வைத்த வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூதாட்டம் சரியா தவறா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓர் ஊர் தன் வாசலில் நின்று கேள்வி கேட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

விமானத்தைவிடக் கப்பல் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற வரியில் நேரம் செலவிட விருப்பமில்லை. தூய்மைப் போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் 2022-இல் கணக்குப் போட்டுக் காட்டியது: ஆகச் சிக்கனமான சொகுசுக் கப்பலில் போனாலும், அதே தூரம் விமானத்தில் போய் ஹோட்டலில் தங்குவதைவிட சுமார் இரு மடங்கு கரியமில வாயு வெளியாகிறது. கடலுக்குள் போவதைக் கேட்டால், எண்ணெய்க் கழிவை ரகசியக் குழாய் வழியாகக் கடலில் விட்டதற்காகப் பிரின்சஸ் கப்பல் நிறுவனம் 2016-இல் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதை வெளியில் சொன்னவர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இன்ஜினீயர். கீழ்த்தளத்து ஆள்.

என்னை மிகவும் புண்படுத்திய பகுதி அண்டார்டிகா பற்றியது. அங்கே ஒரு நேரத்தில் 100 பேர் மட்டுமே கரையிறங்கலாம், 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் இறங்கக்கூடாது. இந்த விதியைப் பணக்காரர்கள் தங்களுக்காகப் போட்ட வேலி என்று எழுதிவிட்டார். அங்கு பயணிகளைக் கூட்டிப்போகும் நிறுவனங்களே 1991-இல் கூடிச் சங்கம் அமைத்துக் கடைப்பிடிக்கும் விதி அது. 2009-இல் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளும் அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின. ஆய்வுப் பயணக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்த என் நண்பர் சொல்வார்: கரையிறங்கும் முன் பயணிகளின் ஜாக்கெட் பையையும் ஷூவின் ஒட்டுப்பட்டையையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, சிக்கியிருக்கும் புல்விதையை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்களாம். பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்தப் பொறுமை 100 பேரிடம் நடக்கும். 3,000 பேரிடம் நடக்காது.

ஆபத்தையும் அவர் யோசிக்கவில்லை. இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே 1969-இல் கட்டிய எக்ஸ்புளோரர் கப்பல், 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கருகே பனியில் மோதி மூழ்கியது. கப்பலில் 154 பேர். பல மணி நேரம் உயிர்காப்புப் படகுகளில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களை நோர்ட்நோர்கே என்ற நார்வேக் கப்பல் வந்து ஏற்றியது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஒரே கப்பலில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம் அது. அதே இடத்தில் 3,000 பேர் தத்தளித்தால் எந்தக் கப்பல் ஏற்றும்? சிறிய கப்பல்கள் மாசே இல்லாதவை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கண்டத்துக்கு இப்போது ஒரு பருவத்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போகிறார்கள், அதுவே கவலைக்குரிய எண்ணிக்கை. அதைக் குறைக்க வழி தேடும் நேரத்தில், இருக்கும் ஒரே வேலியையும் பிடுங்கச் சொல்கிறார்.

கடைசியாக, ஊழியர்கள் எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள், அவர்களுக்கு இலவசமாக உலகம் சுற்றும் பாக்கியம் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு மார்க் உண்டு. பயணி நிரப்பும் படிவத்தில் என் மார்க் குறைந்தால் அடுத்த கான்ட்ராக்ட் ஆட்டம் காணும். எட்டு மாதக் கான்ட்ராக்டில் ஒரு முழு நாள் விடுமுறைகூட எனக்குக் கிடைத்ததில்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது. அப்படியானால் மிச்சம் 14 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று மேலாளர்கள் படித்தார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அவசரத்துக்கென்று ஊழியரில் ஒரு பகுதி கப்பலிலேயே இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயர் வராத நாளில் தூக்கம் வரும். வெனிஸுக்கு நாற்பது தடவைக்கு மேல் போயிருக்கிறேன். புனித மார்க் சதுக்கத்தில் கால் வைத்தது ஒரே தடவை, முக்கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் அம்மாவுக்குப் போன் பேசினேன்.

கப்பலில் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கையின் கல்யாணம் நடந்தது. வயதான பெற்றோரைச் சக்கர நாற்காலியோடு கடல் காட்டக் கூட்டி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன், கப்பல் எத்தனை பேரை ஏற்றுகிறது, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஓர் இரவாவது துறைமுகத்தில் தங்கும் கப்பல் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மதியச் சாப்பாட்டைக் கரையில் சாப்பிடுங்கள், வரைபடத்தில் இல்லாத கடையில்.

கட்டுரையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கீ வெஸ்ட்டில் வாக்களித்தவர்களும் ஜூனோவில் அளவு கேட்டவர்களும் தங்கள் வீட்டு வாசலைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று எழுதிய வார்த்தையை அடுத்த இதழில் அவர் திரும்பப் பெற வேண்டும்.