பருத்திக்கு இனி இடம் எங்கே?

ஆண்டுதோறும் நளித் திங்களில், கார்த்திகை மீனும் முழுநிலவும் கூடும் பொழுதில், திருவண்ணாமலை உச்சியில் விளக்கீடு நிகழ்கின்றது. 2668 அடி உயர மலைமுடிக்கு ஆளுயரக் கொப்பரை ஒன்றைத் தோளிற் சுமந்து ஏற்றுகின்றனர். அதனுள் 3500 கிலோ நெய்யும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும் வார்க்கப்படும். திரியாக இடப்படுவது 1000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணி. பதினொரு நாள் அச் சுடர் எரியும். அத் துணி பருத்தியாலாயது, வேறெதனாலும் ஆகாது. பருத்தி இழை நெய்யைத் தானே உறிஞ்சி மேலேற்றும். கரியாகி நின்று சுடரைத் தாங்கும். பாலியெசுட்டர் இழையோ செல்சியசு 260 பாகை வெப்பத்தை நெருங்கும்போதே உருகிச் சொட்டும். அதனைத் திரியாக்க எவரும் முயன்றதில்லை.

அதே நாளில் மலையின் அடிவாரத்தில், 14 கிலோமீட்டர்ச் சுற்றுவழியில், இலக்கக் கணக்கான மக்கள் மலைவலம் வருகின்றனர். அவர் உடுத்தவற்றைத் தொட்டுப் பார்ப்பின் உண்மை விளங்கும். சேலைகளிற் பெரும்பாலன செயற்கை இழை. சட்டைகளிற் பெரும்பாலன கலப்பு இழை. தூய வெள்ளை வேட்டி என்று தேரடித் தெருவில் வாங்கியவற்றுள்ளும் பஞ்சு பாதியும் பாலியெசுட்டர் பாதியுமாக இருப்பன உண்டு. உச்சியிற் பருத்தி எரிகின்றது. அடியில் பெட்ரோலியம் எனப்படும் பாறையெண்ணெய் நடக்கின்றது. இதனைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை. திரித்துணி ஒன்றைக் கொண்டு ஒரு சந்தையை வாழ்விக்கவும் இயலாது. இந் நிலை எவ்வாறு வந்தது, இனி எங்குச் செல்லும் என்பதே கேள்வி.

செயற்கை இழையின் அகவை நூறாண்டு கூட நிரம்பவில்லை. அமெரிக்க வேதியியலறிஞர் கரோதர்சு 1935 இல் நைலானைக் கண்டார். 1941 இல் ஆங்கிலேயர் இருவர், வின்பீல்டு, திக்சன் என்போர், பாலியெசுட்டர் இழையை ஆக்கினர். அன்று எவரும் அதனைப் பருத்திக்குப் பகையாக எண்ணவில்லை. 1960 அளவிலும் ஞாலத்தார் பயன்கொண்ட இழைகளில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தியே. இந்தியாவில் நெடுங்காலம் செயற்கை இழை மீது கடுமையான வரி இருந்தது. அது செல்வர் வீட்டுப் பொருளாகவே எண்ணப்பட்டது. 1982 இல் மராட்டியத்துப் பாதாளகங்காவில் பெரிய பாலியெசுட்டர் ஆலை எழுந்தது. 1985 இல் நடுவண் அரசு வெளியிட்ட துணிக் கொள்கை எல்லா இழைகளையும் ஒரு நிரையில் வைத்தது. கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கிய சட்டமும் அதே ஆண்டிற்றான் வந்தது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் கதவு திறந்த ஆண்டு அது.

இனி எண்ணிக்கைகளைக் காண்க. 2000 அளவில் ஞாலம் முழுதும் ஆக்கிய இழை 5 கோடியே 80 இலக்கம் டன். 2023 இல் அது 12 கோடியே 40 இலக்கம் டன்னாயிற்று. இரு மடங்கினும் மிகுதி. இதனுள் பாலியெசுட்டர் மட்டும் 100 இல் 57 பங்கு. பருத்தியோ 2 கோடியே 44 இலக்கம் டன். 100 இல் 20 பங்கு. பருத்தி அழிந்துவிட்டது என்று அழுவோர் இவ்வெண்ணிக்கையைச் சரியாகப் படித்திலர். இருபது ஆண்டுகளாகப் பருத்தி ஏறத்தாழ இரண்டரைக் கோடி டன்னை ஒட்டியே நிற்கின்றது. அது குறையவில்லை, வளரவில்லை. மக்கள்தொகை பெருகியதாலும் ஒருவர் வாங்கும் உடை பெருகியதாலும் வந்த புதிய தேவை முழுவதையும் செயற்கை இழை எடுத்துக்கொண்டது. இனி வரும் பத்தாண்டுகளிலும் இதுவே நடக்கும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. பருத்தி நிற்கும், ஆனால் சிறுபான்மை இழையாகவே நிற்கும்.

இதற்குக் கரணியம் விலை ஒன்றே என்பர். விலையினும் விலையின் ஆட்டமே பெரிய கரணியம். 2010 இல் பாக்கித்தான் வெள்ளத்தில் மூழ்கியது, இருப்புக் குறைந்தது, இந்தியாவும் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2011 மார்ச்சில் ஓர் இறாத்தல் பஞ்சு 2 தாலரைத் தாண்டிற்று. அன்று பாலியெசுட்டருக்கு மாறிய ஆலைகளிற் பல பஞ்சு விலை இறங்கிய பின்னும் திரும்பவில்லை. 2022 மே திங்களில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஓர் இலக்கம் உருபாவைக் கடந்தது. நூல் விலை தாங்காமல் திருப்பூர் மே 16, 17 ஆகிய இரு நாளும் ஆலையடைப்பு நடத்திற்று. அப்பொழுது உழவர் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது தவறன்று. ஆயின் ஒவ்வொரு விலையேற்றமும் பருத்தியின் வாடிக்கையாளருள் ஒரு பகுதியைப் பாறையெண்ணெயிடம் ஒப்படைத்துவிட்டே இறங்குகின்றது. பருத்திச் செடி மழையையும் புழுவையும் எதிர்நோக்கி ஆறு திங்கள் நிற்கின்றது. பாலியெசுட்டர் ஆலையோ இரவும் பகலும் ஓடுகின்றது.

தமிழகத்தின் நிலை இதனினும் இடுக்கமானது. இந்தியாவின் நூற்புத் திறனில் பாதியை எட்டும் பங்கு தமிழகத்து நூற்பாலைகளிடம் உள்ளது. அவற்றுக்கு ஆண்டொன்றுக்கு 120 இலக்கம் பொதியளவிற் பஞ்சு வேண்டும். தமிழ் மண்ணில் விளைவதோ ஐந்தாறு இலக்கம் பொதியே. எஞ்சிய அனைத்தும் குசராத்து, மராட்டியம், தெலுங்கானம் முதலிய இடங்களிலிருந்தும் கடல்கடந்தும் வருகின்றது. புறநானூற்றுக் காலந்தொட்டுப் பருத்தி நூற்ற பெண்டிரைப் பாடிய மொழி தமிழ். நன்னூலார் நூலுக்கு இலக்கணம் கூறும்போது பஞ்சையும் இழையையுமே உவமையாகக் கொண்டார். அம் மொழி பேசும் நாட்டில் இன்று தறி உண்டு, கதிர் உண்டு, பஞ்சு இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து உழவரிடம் கேட்பின் நெல், நிலக்கடலை, கரும்பு என்பார்; பருத்தியைக் கடைசியிற் சொல்வார்.

இவ் வெற்றிடத்தாலேயே வரிச் சண்டை வந்துவிடுகின்றது. 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு இறக்குமதிப் பஞ்சுக்கு 11 விழுக்காடு வரி போட்டது. 2022 இல் சில திங்கள் அதனை நீக்கிற்று. பின் மீண்டும் போட்டது. 2025 ஆகத்து 19 முதல் அவ் ஆண்டு முடியும்வரை மறுபடி நீக்கிற்று. நீக்கும்போது ஆலைகள் கைதட்டுகின்றன, உழவர் கொதிக்கின்றனர். இரு சாராரும் தமிழரே என்பதுதான் இதில் நோவு தருவது. 2025-26 இல் நீள இழைப் பருத்திக்கு நடுவண் அரசு அறிவித்த தாங்கு விலை குவிண்டாலுக்கு 8110 உருபா. வெளிநாட்டுப் பஞ்சு வரியின்றி வந்திறங்கும் திங்களில் அவ்விலை கிடைக்க இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் நிலையம் அண்மையில் இருத்தல் வேண்டும். இல்லையேல் இடைத்தரகர் சொன்னதே விலை.

இதனினும் பெரிய மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. சி.எசு.டி. என்று மக்கள் சொல்லும் சரக்குப் பணி வரியில், பருத்திப் பஞ்சுக்கும் நூலுக்கும் 5 விழுக்காடும், செயற்கை இழைக்கு 18 விழுக்காடும், அதன் நூலுக்கு 12 விழுக்காடும் என இருந்தது. 2025 செப்தம்பர் 22 முதல் எல்லாம் 5 விழுக்காடு. வரிவேலி ஒன்று பருத்தியைச் சூழ்ந்து நின்றதென்றால், அது அன்றோடு வீழ்ந்தது. அதனை மீண்டும் எழுப்புக என்று கேட்பது எளிது. கேட்டும் கிடைக்கப் போவதில்லை.

செயற்கை இழைக்குரிய நன்மையை மறைத்தலும் நேர்மையாகாது. பாலியெசுட்டர்ச் சேலை மலிவு, கசங்காது, துவைத்த சிறுபொழுதில் உலரும். இரண்டே சேலை உள்ள கூலிப் பெண்ணுக்கு அது பெருந்துணை. பருத்திக்கு நீரும் மருந்தும் மிகுதியாக வேண்டும் என்பதும் பல இடங்களில் உண்மை. எனினும் தமிழகத்து வெயிலுக்கு உடல் ஒரு தீர்ப்பைச் சொல்லுகின்றது. இயல்பான காற்றில் 100 கிலோ பருத்தி 8 கிலோ ஈரத்துக்கு மேல் உட்கொள்ளும்; பாலியெசுட்டர் அரைக் கிலோவும் கொள்ளாது. வியர்வை எங்கே போகும்? கோடையில் மலைவலம் சென்றவர் இவ்வாய்வைத் தம் முதுகிலேயே செய்து முடித்திருப்பர். குழந்தையின் இடைத்துணி, நோயாளியின் படுக்கை, உள்ளாடை, துவாலை, வேட்டி ஆகிய இடங்களைப் பருத்தி எளிதில் விட்டுக்கொடுக்காது. இவையே அதன் வருங்காலச் சந்தை. விலையில் மலிவு என்று போட்டியிடும் இடமன்று அது. தரத்தால் நிற்க வேண்டிய இடம்.

தரத்துக்குத் தமிழகம் புதிதன்று. 1974 இல் கோவை ஆய்வு நிலையத்திலிருந்து வெளிவந்த சுவின் பருத்தி, இந்தியாவில் விளைந்த பருத்திகளுள் மிக நீண்ட இழையுடையது. நூற்றிருபதாம் எண் நூல் நூற்கத் தக்கது. சேலம் ஆத்தூர்ப் பகுதியில் அது விளைந்தது. நாள் மிகுதியாகும், நோய் தாக்கும், பறிகூலி ஏறும் என்பதால் உழவர் அதனைக் கைவிட்டனர். கைவிடாதிருக்க உரிய விலையை எவரும் உறுதி செய்யவில்லை. கோவில்பட்டிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணியும் ஒதுங்கிற்று. 2002 இல் பி.டி. பருத்தி வந்தபின் விதை, உழவன் கையிலிருந்து கடைக்குப் போயிற்று. இந்தியாவில் ஓர் எக்டேருக்கு விளையும் பஞ்சு 450 கிலோ அளவில் நிற்க, பிரேசில் நாட்டில் அது நான்கு மடங்கு. நீரில்லா நிலத்தை நீருள்ள நிலத்தோடு ஒப்பிடல் முழுதும் சரியன்றாயினும், இவ்விடைவெளிக்கு வானத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

சிறிதாகத் தோன்றி ஆலைகளை அலைக்கழிக்கும் கேடு ஒன்று உண்டு. பறித்த பருத்தியை உழவர் பழைய உரச்சாக்குகளில் அடைக்கின்றனர். அச் சாக்கின் நெகிழி இழை பிரிந்து பஞ்சோடு கலந்துவிடுகின்றது. நூலாகித் துணியாகிச் சாயம் தோய்க்கும்போதுதான் அது தெரியும், பருத்தி சாயம் ஏற்கும், நெகிழி ஏற்காது, துணியெங்கும் வெண்கீற்று. வெளிநாட்டார் இந்தியப் பஞ்சின் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு இதுவும் ஒரு கரணியம். பறிப்போர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பருத்தித்துணிப் பை தருவதற்கு ஆலை முதலாளிகளுக்கு ஆகும் செலவு, அவர்கள் அழுக்கு நீக்கும் பொறிக்குச் செய்யும் செலவில் மிகச் சிறு பகுதியே.

அரசின் கையிலும் ஒரு பெருஞ்சந்தை உள்ளது. 1983 இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் ஆண்டுதோறும் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்கின்றது. அவ் வேட்டி முழுப் பருத்தியாய், அப் பஞ்சில் ஒரு பங்கேனும் தமிழக உழவரிடம் முன்விலை பேசி வாங்கியதாய் இருக்குமானால், ஐந்து இலக்கம் பொதி பத்து இலக்கமாவதற்கு வழி பிறக்கும். கைத்தறி நெசவாளர்க்கு 1935 முதல் துணைநிற்கும் கோ-ஆப்டெக்சும் இதே முறையிற் கொள்முதல் செய்யலாம்.

எஞ்சியது கடைத்தெரு. அண்ணாமலையார் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலும் ‘காட்டன்’ என்ற சொல் எதற்கும் ஒட்டப்படுகின்றது. ‘பாலி காட்டன்’, ‘சில்க் காட்டன்’, ‘காட்டன் மிக்சு’ என்று. பருத்தி என்று தமிழில் எழுதியிருந்தால் இவ்வளவு எளிதாகக் கலப்பை மறைத்திருக்க முடியாது. ‘பாதிப் பருத்தி’ என்று எழுத எந்தக் கடைக்காரரும் கூசுவார். துணியில் பஞ்சு எத்தனை பங்கு, பாலியெசுட்டர் எத்தனை பங்கு என்று தமிழில் எழுதிய சீட்டைக் காட்டுமாறு வாங்குவோர் கேட்கலாம். கேட்பதற்குச் செலவில்லை, மலைவலத்துக்கு முன் வேட்டி வாங்கும் ஆயிரம் பேர் ஒரே மாலையிற் கேட்டால், மறு திங்கள் முழுநிலவுக்குள் சீட்டு வந்துவிடும்.