மாரி வருமுன் வீட்டைக் காப்போம்

தண்ணீரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் தண்ணீரூற்று. வன்னி உழவனுக்கு மாரியே வாழ்வு. ஐப்பசியில் வானம் பொய்த்தால் காலபோகம் இல்லை. மார்கழியில் அது கட்டுக்கடங்காது பொழிந்தாலோ காலபோகத்தோடு வீடும் இல்லை.

2018 டிசெம்பர் 21 ஆம் நாளிரவு பெய்த பெருமழையில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் வெள்ளக்காடானதை எவரும் மறந்திலர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இத்தீவில் 600 க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இதன் பின்னும் "வந்தபின் பார்ப்போம்" என்று வாளாவிருத்தல் அறிவுடைமையாகாது.

புரட்டாதி கழியுமுன் வளவின் வாய்க்கால்களைத் துப்புரவாக்குதல் வேண்டும். கூரைமேற் சாய்ந்த கிளைகளையும், விழக் காத்திருக்கும் காவோலைகளையும் வெட்டி அகற்றுதல் வேண்டும். நெல்லும் உரமும் பரண்மீது ஏறட்டும். நீர் வாசற்படியை அணுகுமுன் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துக. மாடுகளைக் கட்டியபடி விட்டுச் செல்லற்க. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரீன் இட்ட பின்னரே அந்நீரை அருந்துக. 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பலிகொண்டது. வயலில் இறங்குவோர் சுகாதாரப் பரிசோதகர் தரும் தடுப்பு மருந்தை அலட்சியஞ் செய்தலாகாது.

இவை எல்லாவற்றினும் முந்தியது ஒன்றுண்டு. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு, கைக்கெட்டும் உயரத்தில் வைத்தல் வேண்டும். 2009 இல் உடுத்த உடையோடு முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த மக்கள் நாம். ஒரு காகிதம் இன்மையால் சொந்த நிலத்திலேயே அந்நியராய் நிற்பது எத்தகைய துயரென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடிமக்கள் தம் கடனைச் செய்வர். ஆட்சியாளர் தம் கடனைச் செய்வரா? இரணைமடுவினதும் முத்தையன்கட்டினதும் வான்கதவுகள் எப்பொழுது திறக்கப்படும், நீர் எவ்வழி பாயும், மக்கள் எங்கே பெயர வேண்டும் என்பன கதவு திறக்குமுன் தெரிந்தாக வேண்டும். நள்ளிரவில் நீர் வந்து எழுப்புவதற்குப் பெயர் முன்னறிவிப்பன்று. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. ஏட்டில் உறங்கும் சட்டம் வெள்ளத்தில் தத்தளிப்பவனைக் கரையேற்றுமா? சிங்களத்தில் எச்சரிக்கை வெளியாகும் அதே கணத்தில் அது தமிழிலும் வெளியாதல் வேண்டும். 117 ஐ அழைக்கும் உழவனுக்கு அவன் மொழியிலேயே மறுமொழி கிடைத்தல் வேண்டும். இதனை நாம் சலுகையாகக் கேட்கவில்லை.

கற்றோருக்கும் இதிற் பங்குண்டு. அடைபட்ட மதகுகள் எவையென்று பொறியியலாளர் கண்டு சொல்லட்டும். பத்திரங்களுக்குப் பிரதியெடுக்கச் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் உதவட்டும். தாழ்நிலத்தில் தனித்து வாழும் முதியோர் யாவரென ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் இன்றே பட்டியலிடட்டும். குளக்கட்டு உடைந்தபின் மண்வெட்டி தேடுவதிற் பயனில்லை. வானம் வெளுத்திருக்கும் இந்நாள்களிலேயே வேலை தொடங்குக!