'வி' ஒன்றே போதும் என்பவருக்கு

ஆங்கிலத்தில் 'வி' ஒன்றே போதுமாக இருக்கிறது, 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு வைத்துப் பிள்ளைகளைக் குழப்புவானேன் என்று கேட்கிறார் ஈப்போ நண்பர் ஒருவர். பிள்ளைகள் குழம்பவில்லை ஐயா. பேராக்கில் வளரும் தமிழ்ப் பிள்ளை இந்த வேறுபாட்டை மலாயிலும் கேட்டே வளர்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் 'கித்தா', விலக்கினால் 'காமி'.

தோட்டக் காலத்தை எண்ணிப் பாருங்கள். துரை ஆங்கிலத்தில் 'வி' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதைத் தமிழில் சொல்ல வேண்டிய கிராணிக்கு அந்த வசதி கிடையாது. "நாங்கள் தோட்டத்தை விற்கப் போகிறோம்" என்றால் முடிவு நிர்வாகத்துடையது. "நாம்" என்றால் லயத்தில் குடியிருக்கும் பால்மரத் தொழிலாளியும் அதற்குச் சம்மதித்தவர் ஆகிறார். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இருந்தவருக்கு இது வெறும் இலக்கண நுணுக்கமா?

1970-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாட்டின் உறுதிமொழியில் மலாயில் 'காமி' என்றே வருகிறது. எழுதியவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. ஆங்கில வடிவில் அந்தத் தேர்வே தெரியாது.

இன்றைய கன்னடம் இந்த வேறுபாட்டை இழந்தும் வாழ்கிறதே என்பார் நண்பர். வாழட்டும். கையில் இருப்பதை நாம் ஏன் வலியத் தொலைக்க வேண்டும்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, மொழிபெயர்ப்பில் 'வி' வரும்போதெல்லாம் அதில் யார் யார் அடக்கம் என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள்.