மழை வருமா ஜோசியரே?

தமிழ்நாட்டில் இப்போது இரண்டு வகை ஜோசியர்கள். ஒருத்தர் கட்டம் போட்டுப் பலன் சொல்கிறார். இன்னொருத்தர் கலர் மேப் போட்டுப் பலன் சொல்கிறார். முதல் ஆள் விரும்பித்தான் அந்தத் தொழிலுக்கு வந்தார். இரண்டாவது ஆளை ஜோசியர் ஆக்கியது நம் மக்கள். அதைப் பற்றிய புலம்பல்தான் இந்தப் பதிவு. (பிகாம் படிக்கிறவனுக்கு மேகத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கணக்கு வழக்கு பற்றித்தான் பேசப்போகிறேன்.)

வானிலை ஆர்வலர்கள் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். பிழைப்பு வேறு ஏதோ. ஆனால் மேற்கே லேசாகக் கருத்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். நடுராத்திரி எழுந்து ரேடார் படம் பார்ப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் எழுதியதை ஊரே படித்தது. அவர் வானிலைத் துறை ஊழியர் இல்லை, மழைப் புள்ளிவிவரத்தின் மேல் தீராத காதல் கொண்ட ஒரு மனிதர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாவட்டத்துக்கு நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். நல்ல விஷயம். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

எனக்குப் பிடிக்காதது அவர்களிடம் நாம் கேட்கிற கேள்வி. "அண்ணா, வியாழக்கிழமை தங்கச்சி கல்யாணம், மண்டபம் போரூர்ல, சாயங்காலம் மழை வருமா?" "ப்ரோ, நாளைக்கு லீவ் உண்டா?" "தலைவரே, மடிப்பாக்கத்துக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?" எங்கள் கிளாசில் பாதிப் பேருக்கு நவம்பர் மாதம் வந்தால் வானிலை என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: கலெக்டர்.

ஒரு ஆள் சாயங்காலம் முழுக்க நின்று, ஒரு இடிமேகம் எப்படி வளர்ந்தது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துப் போட்டால் சீந்துவாரில்லை. அதே ஆள் "வங்கக்கடலில் காத்திருக்கும் அரக்கன்" என்று ஒரு வரி போடட்டும், குடும்ப வாட்ஸப் குரூப் வரைக்கும் வந்து சேரும். பாவம், அந்த ஆள் என்ன செய்வார்? அடுத்த தடவையும் அரக்கனைத்தான் தேடுவார். அரக்கன் கிடைப்பதும் கஷ்டமில்லை. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணினி மாடல் தினமும் நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் 384 மணி நேரம், அதாவது 16 நாள் வரைக்கும் படம் காட்டுகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது நாளில் அது எங்காவது ஒரு புயலை வரையும். ஆறு மணி நேரம் கழித்து அடுத்த ஓட்டத்தில் அது காணாமல் போகும், இல்லை என்றால் ஒடிசாவுக்குப் போகும். காணாமல் போனதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

சரி, இன்னொரு பக்கத்துக்கு வருவோம். "டிகிரி இல்லாதவனெல்லாம் வானிலை பேசலாமா?" என்று கேட்கும் கோஷ்டி ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கதை, உண்மைக் கதை. நாம் இன்றைக்கும் சொல்கிற கியூமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ் என்ற மேகப் பெயர்களை 1802-இல் லண்டனில் ஒரு சின்னக் கூட்டத்தில் வாசித்தவர் லூக் ஹோவர்ட். அவருடைய தொழில் மருந்தும் ரசாயனமும் தயாரித்து விற்பது. நம்ம பாஷையில் யாவாரி! அவர் பலன் எதுவும் சொல்லவில்லை. தினமும் வானத்தைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், நோட்டில் எழுதினார். வருஷக்கணக்கில் எழுதினார். லண்டன் நகருக்குள் இருக்கும் வெப்பம் சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட அதிகம், அதிலும் ராத்திரியில் அதிகம் என்பது அந்த நோட்டுகளில் இருந்துதான் வந்தது. இன்றைக்கு 'நகர வெப்பத் தீவு' என்று பெரிய பெரிய கருத்தரங்கு நடத்துகிறார்களே, அதன் முதல் பேரேடு ஒரு யாவாரியின் பேரேடு.

ரொம்பப் பழசு என்கிறீர்களா? 2005-இல் கேவின் பிரிட்டர்-பின்னி என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் மேக ரசிகர் சங்கம் ஒன்று தொடங்கினார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படி ஒரு சங்கம் இருக்கிறது, உறுப்பினர் சான்றிதழ் கூட உண்டு. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் மேகப் படம் அனுப்பினார்கள். அதில் சிலது எந்தப் பெயருக்குள்ளும் அடங்கவில்லை. கொந்தளிக்கும் கடலை அடியில் இருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு மேகம். இதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். ரெடிங் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அந்தப் படங்களை அந்தந்த நாளின் வானிலைத் தகவல்களோடு சேர்த்து ஆராய்ந்தார். 2017-இல் உலக வானிலை அமைப்பு தன் சர்வதேச மேக அட்லஸில் 'அஸ்பெரிடாஸ்' என்று சேர்த்துக்கொண்டது. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று ஊர் சொல்லும் ஆட்கள், அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்து, எங்கே, எப்போது என்று குறித்து வைத்ததால் வந்த பெயர் அது.

இந்த இரண்டு கதையிலும் யாரும் "வியாழக்கிழமை வருமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இப்போது நம்ம ஊர் இடிமழைக்கு வருகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்குக் கிடைக்கும் 40 செ.மீ. சொச்சம் மழை பெரும்பாலும் இடியோடு வருவது. காலையில் பஞ்சுப் பொதி மாதிரி சின்னச் சின்ன மேகம். மதியம் அது காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே முட்டும். நாலு மணிக்கு வேலூர், ராணிப்பேட்டை, ஆந்திர எல்லைப் பக்கம் 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், அதற்கு மேல் ஏற முடியாமல் தலை தட்டையாகி, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி விரியும். மேல்காற்று மேற்கில் இருந்து அடிப்பதால் அப்படியே கிழக்கே நகர்ந்து, ராத்திரி சென்னைக்கு வரலாம். வராமல் திருவள்ளூரிலேயே தீர்ந்தும் போகலாம். கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே புகுந்தது, எவ்வளவு தூரம் புகுந்தது என்பதும் இதில் சேரும். மழை கொட்டும்போது மேலிருந்து குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலா பக்கமும் ஓடுகிறது. மழைக்கு முன்னால் திடீரென்று புழுதியோடு ஒரு காற்று அடிக்குமே, அதுதான். அந்தக் காற்று ஓடிப்போய் எங்கே சூடான காற்றைத் தூக்கிவிடுகிறதோ அங்கே அடுத்த மேகம் பிறக்கிறது. அது போரூரா மடிப்பாக்கமா என்பதை முந்தின நாளே சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. வானிலைத் துறையே இடிமழைக்கு அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையைத் தனியாகத் தருவது இதனால்தான்.

டிவியில் "ஓரிரு இடங்களில்" என்று வாசிக்கும்போதெல்லாம் மீம் போடுகிறோம். அது மழுப்பல் வார்த்தை இல்லை மக்களே! ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பெய்தால் ஓரிரு இடம். பாதி வரைக்கும் என்றால் சில இடம். முக்கால் என்றால் பல இடம். அதற்கு மேல் பெரும்பாலான இடம். வார்த்தைக்குப் பின்னால் விழுக்காடு இருக்கிறது, விழுக்காட்டுக்குப் பின்னால் மழைமானி இருக்கிறது. மழைமானி இல்லாத ஊரில் பெய்தது கணக்கில் வராது. வவுச்சர் இல்லாத செலவு மாதிரி. நடந்தது உண்மைதான், புக்கில் இல்லை.

இதில்தான் ஆர்வலர்கள் வேறு யாரும் செய்ய முடியாததைச் செய்ய முடியும். 1997 ஜூலை 28-ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் ஒரு மழை. ஊரின் ஒரு மூலையில் 25 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சில கிலோமீட்டர் தள்ளி 5 செ.மீ. கூட இல்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் செத்தார்கள். எங்கே எவ்வளவு பெய்தது என்பதையே பிறகு வீடு வீடாகக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் தொடங்கியது: பொதுமக்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே மாதிரியான மழைமானி வைத்து தினமும் காலையில் அளந்து அனுப்புவது. இன்று அது அமெரிக்கா முழுக்கப் பரவி, கனடாவுக்கும் போய்விட்டது. ரிட்டயர்டு வாத்தியார், விவசாயி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாரும் அளக்கிறார்கள்.

"ரேடார் இருக்கே, அப்புறம் எதுக்கு?" என்று ஒரு கேள்வி வரும். சென்னையில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இருக்கிறது. ஆனால் ரேடார் கதிர் கொஞ்சம் சாய்வாக மேல்நோக்கிப் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால் மிகத் தாழ்வான கதிரே தரையில் இருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது, ஆலங்கட்டி விழுகிறதா, காற்று மரத்தைச் சாய்க்கிறதா, இதெல்லாம் ராணிப்பேட்டையில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அமெரிக்க வானிலைச் சேவை 'ஸ்கைவார்ன்' என்று பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து, பார்த்ததைச் சொல்ல வைப்பது சும்மா இல்லை. அங்கே அவர்களிடம் கேட்பது "என்ன பார்த்தாய்?" இங்கே நாம் கேட்பது "என்ன வரும்?"

இது ஏதோ பொழுதுபோக்குச் சண்டை என்று நினைக்காதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கிச் செத்தவர்கள் 2,887 பேர். மின்னலுக்குப் பெயர் வைப்பதில்லை, அதற்குச் சேனல்களில் நேரலை இல்லை. வயலில் நாற்று நடுகிறவர், மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர், மரத்தடியில் ஒதுங்கியவர் என்று ஒவ்வொருத்தராகப் போகிறார்கள். 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் பக்கம் ஆமேர் கோட்டைக்கு எதிரே உள்ள கோபுரத்தில் மின்னல் தாக்கி 11 பேர் செத்தார்களே, மழையை ரசித்து செல்ஃபி எடுக்கப் போனவர்களும் அதில் உண்டு. மின்னலை ரீல்ஸ் எடுக்க மொட்டை மாடியில் நிற்கும் அன்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கீழே இறங்கவும். மின்னல் வெட்டி இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மேகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் மேகம்தான்.

மேற்கே தலை தட்டையாகி விரியும் மேகத்தைப் பார்த்ததும் "இன்னும் ஒரு மணி நேரத்தில் இது இங்கே வரலாம்" என்று வயலில் இருக்கிற அப்பாவுக்குப் போன் போட மாடல் எதுவும் வேண்டாம், கண் போதும். புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலியில் பக்கத்தில் விழும் மின்னலையும் பார்க்கலாம். புயலுக்குப் பத்து நாள் முன்னால் நகம் கடிக்கிற நாம், தலைக்கு மேல் நிற்கிற மேகத்தின் பெயர் கூடத் தெரியாமல் இருக்கிறோம்.

இனி என் துறை. மேப் போடும் அண்ணன்களுக்கு, தம்பியாக ஒரு வேண்டுகோள். பலன் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் கணக்கை முடியுங்கள். வரும் என்று சொன்னது எத்தனை, வந்தது எத்தனை, சொல்லாமல் வந்தது எத்தனை, சொல்லியும் வராதது எத்தனை. நாலே பத்தி. வானிலைத் துறை ஒவ்வொரு புயலுக்கும் பாதைக் கணிப்பில் எத்தனை கிலோமீட்டர் பிழை வந்தது என்று அறிக்கை போடுகிறது. அந்தத் துறையைத் தினமும் கிண்டல் செய்யும் பக்கங்களில் எத்தனை பேர் அப்படி ஒரு தாள் காட்டியிருக்கிறார்கள்? பலித்ததை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேலே ஒட்டி வைப்பது, லாபத்தை மட்டும் எழுதிய பேலன்ஸ் ஷீட். 2015 வெள்ளத்துக்குப் பிறகு "பஞ்சாங்கத்தில் அப்பவே போட்டிருந்தது" என்று ஒரு படம் சுற்றியதே, அதுவும் இதே டெக்னிக்தான்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடி தட்டையான, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றை எடுங்கள். கண்ணாடி டப்பா என்றால் நல்லது. சுவரும் மரமும் பக்கத்தில் இல்லாத இடத்தில், சாயாமல் வையுங்கள். நின்ற தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் மழை. பாத்திரம் எவ்வளவு அகலம் என்பது பிரச்சினையே இல்லை. அளக்க வேண்டிய நேரம் காலை 8.30. நமக்கு நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிற மாதிரி மழைக்கு நாள் முடிவது அப்போதுதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பகலிலும் ராத்திரியிலும் தாம்பரத்தில் கொட்டியது 2-ஆம் தேதி காலைக் கணக்கில் 49 செ.மீ. என்று ஏறியது இப்படித்தான். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதவும், காலியாக விடக் கூடாது. நில் ரிட்டர்னும் ரிட்டர்ன்தான் :-)

வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் இருந்து படிக்கிறவர்கள் ஜூன் 1-ஆம் தேதியில் இருந்து ஊர், தேதி, மில்லிமீட்டர் மூன்றையும் பின்னூட்டத்தில் போடுங்கள். முடிந்தால் முந்தின நாள் நாலு மணிக்கு மேற்கே என்ன தெரிந்தது என்று ஒரு வரி. வாராவாரம் எக்செல்லில் ஏற்றி இங்கேயே போடுகிறேன். "நாளைக்கு லீவ் உண்டா" என்று கேட்டு வரும் பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டாது.