பூட்ஸும் சாப்பாடும் சொல்லும் போர்

போர் எதிர்ப்பு நாவல் என்றதும் சிதறிய உடல்களும் கதறலும்தான் நினைவுக்கு வருகின்றன. கோரத்தைக் காட்டிவிட்டாலே போருக்கு எதிரான எழுத்தாகிவிடுமா? முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்ட எர்ன்ஸ்ட் யூங்கர் 1920-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல்’ நூலில் சேற்றுக்கும் ரத்தத்துக்கும் பிணநாற்றத்துக்கும் குறைவே இல்லை. ஆனாலும் அதில் போர், மனிதனைப் புடம்போடும் களமாகவே எழுந்து நிற்கிறது.

அதே மேற்குப் போர்முனையைப் பற்றி எரிக் மரியா ரெமார்க் எழுதி, 1929-இல் நூலாக வந்த ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ சாப்பாட்டில் தொடங்குகிறது. சமைத்தது 150 பேருக்கு. திரும்பி வந்தவர்களோ 80 பேர். ஆளுக்கு இரண்டு பங்கு கிடைக்கும் என்ற பூரிப்பில் அவர்கள் வரிசையில் நிற்க, எல்லோரும் வந்தால்தான் பரிமாறுவேன் என்று சமையற்காரர் முரண்டு பிடிக்கிறார். பிறகு, கால் துண்டிக்கப்பட்டுச் சாகக் கிடக்கும் கெம்மெரிக்கின் பூட்ஸ் மீது நண்பன் முல்லர் கண் வைக்கிறான். ரெமார்க் அவனைக் கெட்டவனாக்கவில்லை. நல்ல தோல் பூட்ஸ் அங்கே கிடைப்பதற்கரியது. கெம்மெரிக்குக்கு இனி அது உதவாது. முல்லரும் சாக, பூட்ஸ் அடுத்தவன் காலுக்குப் போகிறது. இந்தக் கணக்கில் வீரத்துக்கு நுழைய இடமில்லை. தாய்நாட்டுப் பேச்செல்லாம் ஊரில் பத்திரமாக இருக்கும் ஆசிரியர் கான்டோரெக்கின் வாயில்தான்.

ரெமார்க் போர்முனையில் இருந்ததே சில வாரங்கள்தான், 1917 ஜூலை கடைசியில் காயம்பட்டுப் போனவர், அவர் என்ன சாட்சி என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் படை எங்கே நின்றது என்று அறிய நாட்குறிப்புகளைத்தான் நாட வேண்டும், அது நியாயம். ஆனால் யூங்கர் வருடக்கணக்கில் அங்கே இருந்தவர். அனுபவத்தின் நீளம் அவரைப் போருக்கு எதிராகத் திருப்பவில்லையே! இன்னொரு கேள்வி கனமானது: நாவல் லட்சக்கணக்கில் விற்றும் பத்தே ஆண்டில் அடுத்த உலகப் போர் வந்ததே? வந்தது, நாவலால் படைகளை நிறுத்த முடியாதுதான். ஆனால் போரை விரும்பியவர்கள் எதற்கு எரிச்சலடைந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1930 டிசம்பரில் இதன் திரைப்படம் பெர்லினில் ஓடியபோது நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் அரங்கில் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டு, நாற்றக் குண்டுகளை வீசினார்கள். சில நாட்களில் படத்துக்கே தடை. 1933 மே மாதம் நூல்களை எரிக்க நாஜி மாணவர்கள் மூட்டிய தீயில் நாவலும் விழுந்தது. யூங்கரின் நூலோ நாஜி ஆட்சியிலும் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது.