முதல்ல கட்டிடம், அப்புறம் அனுமதியா? 6 மாதத்தில் தன் தீர்ப்பையே திரும்பப் பெற்ற உச்ச நீதிமன்றம்: நடந்தது என்ன?

லைசென்ஸ் இல்லாமல் பத்து வருஷம் வண்டி ஓட்டுகிறார் ஒருவர். ஒருநாள் மாட்டிக்கொள்கிறார். "சரி, அபராதத்தைக் கட்டிட்டு லைசென்சை வாங்கிக்கோ" என்று அனுப்பி வைத்தால் எப்படி இருக்கும்? சுரங்கம், ஆலை, பெரிய அடுக்குமாடி விஷயத்தில் நாட்டில் இதற்கு வழி இருந்தது. 2025 மே 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. நவம்பர் 18-ம் தேதி அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நடுவில் என்ன ஆச்சு?

விதி என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு வேலை தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 'முன் அனுமதி' என்றே அதில் இருக்கிறது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள குடியிருப்புகளும் இதில் வரும்.

ஏன் 'முன்'? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு ஆலை வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் நிலத்தடி நீர் எப்படி இருந்தது, காற்று எப்படி இருந்தது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று அளந்து வைக்க வேண்டும். ஆலை ஓட ஆரம்பித்த பிறகு போய் அளந்தால் கிடைப்பது ஏற்கெனவே கெட்டுப்போன தண்ணீரின் கணக்கு. ஓடையை மூடிக் கட்டிய பிறகு "இங்கே ஓடை இருந்ததா?" என்று யாரிடம் கேட்பது?

கருத்துக்கேட்புக் கூட்டமும் அப்படித்தான். பெரிய ஆலை, சுரங்கங்களுக்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பு அங்கேதான். புகைபோக்கி எழும்பிய பிறகு நடக்கும் கூட்டத்தில் மக்கள் எதைச் சொல்லி எதை நிறுத்த முடியும்?

பின்வாசல் எப்படித் திறந்தது?

2017 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. முன் அனுமதி வாங்காமல் தொடங்கியவர்கள் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 'இது ஒரே ஒரு முறை தரும் சலுகை' என்று மத்திய அரசு சொன்னது. ஆனால் 2021 ஜூலை 7-ல் ஒரு அலுவலகக் குறிப்பாணை வந்தது. இந்த முறை கெடு தேதி கிடையாது. திட்டச் செலவில் 1 சதவீதம் அபராதம், உற்பத்தி தொடங்கியிருந்தால் கூடவே விற்றுமுதலில் 0.25 சதவீதம். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் அதிலும் பாதி. 1 சதவீதம் என்பது பெரிய கம்பெனிக்கு எம்மாத்திரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பாணைக்கு முதலில் இடைக்காலத் தடை போட்டது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான், அதே ஜூலை மாதத்தில். பிறகு மும்பையைச் சேர்ந்த 'வனசக்தி' அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது.

மே தீர்ப்பில், நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு 2017 அறிவிக்கை, 2021 குறிப்பாணை இரண்டையும் ரத்து செய்தது. வேறு பெயரில் இதே சலுகையைக் கொண்டுவரவும் கூடாது என்றது. விதியை மீறியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை, கம்பெனிகளும் ரியல் எஸ்டேட் நிறுவனங்களும் பொதுத்துறை நிறுவனங்களும்தான் என்றும் சுட்டிக்காட்டியது. ஆனால் அதுவரை கொடுத்த அனுமதிகளைத் தொடவில்லை. பின்னால் சிக்கலானது இந்த இடம்தான்.

நவம்பரில் என்ன மாறியது?

கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பான கிரெடாய் சீராய்வு மனு போட்டது. நீதிபதி ஓகா மே மாதமே ஓய்வு பெற்றுவிட்டார். எனவே தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், கே.வினோத் சந்திரன், உஜ்ஜல் புயான் என மூவர் அமர்வு விசாரித்தது. 2-க்கு 1 என்ற கணக்கில் மே தீர்ப்பு போனது.

கவாய் சொன்ன காரணங்களைச் சும்மா தள்ளிவிட முடியாது. சுமார் 20,000 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் கட்டியவற்றை இடிக்க வேண்டியிருக்கும் என்றார். ஒடிசாவில் 962 படுக்கை எய்ம்ஸ் மருத்துவமனை, கர்நாடகாவில் ஒரு புதிய விமான நிலையம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இடித்துவிட்டு அனுமதி வாங்கி மறுபடி கட்டினால் மாசு இன்னும் அதிகமாகும் என்றார். மேக்கு முன் மாட்டியவர் அபராதத்தோடு தப்பிக்க, பின்னால் மாட்டியவர் மட்டும் இடிக்க வேண்டும் என்பது சரியா என்ற கேள்வியும் இருந்தது. விதிவிலக்கான நேரங்களில் பின் அனுமதி தரலாம் என்ற 2021, 2022 தீர்ப்புகளை மே அமர்வு கணக்கில் எடுக்கவில்லை என்பது சட்டரீதியான காரணம்.

புயான் ஒத்துக்கொள்ளவில்லை. மே தீர்ப்பில் கையெழுத்திட்டவர், நவம்பரில் தனியாக நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பின் அனுமதி என்பதே சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2017, 2020 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அவற்றை விட்டு விலகியது அந்த 2021, 2022 தீர்ப்புகள்தான் என்பது அவர் வாதம். ஆக, பழைய தீர்ப்பை நீ பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சொல்கின்றன!

அப்போ எல்லாவற்றையும் இடிக்கணுமா?

அப்படியும் நடந்ததில்லை. 2020-ல் குஜராத்தின் அங்கலேஷ்வர் வழக்கில் பின் அனுமதியைக் கடுமையாகக் கண்டித்த உச்ச நீதிமன்றம், சம்பந்தப்பட்ட 3 நிறுவனங்களுக்கும் தலா 10 கோடி ரூபாய் அபராதம் போட்டதே தவிர ஆலைகளை மூடச் சொல்லவில்லை. கஷ்டமான ஒரு கேஸில் விலக்கு கொடுக்க நீதிமன்றத்துக்கு எப்போதும் அதிகாரம் உண்டு. எய்ம்ஸைக் காப்பாற்ற அது போதும் என்றே தோன்றுகிறது. அமைச்சகமே ரேட் கார்டு போட்டு வைப்பது வேறு விஷயம். முன்கூட்டியே தொகை தெரிந்தால், அதையும் ஒரு செலவாகத்தான் திட்டத்தில் எழுதுவார்கள்.

இப்போதைய நிலை என்ன?

வழக்கு முடியவில்லை. வனசக்தியின் மனு மறுபடி முதலிலிருந்து விசாரணைக்கு வரவேண்டும் என்பதே நவம்பர் உத்தரவு.

வீடு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரெரா பதிவு எண் வேறு, சுற்றுச்சூழல் அனுமதி வேறு. பெரிய குடியிருப்பு வளாகம் என்றால் அனுமதிக் கடிதத்தின் நகலை பில்டரிடம் கேளுங்கள், மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். கடிதத்தில் இருக்கும் தேதியையும் வேலை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அனுமதி முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது தெரிந்துவிடும்.