குதிரையும் கூட நடப்போரும்



நெல் விளையும் நம் தாழ்நிலத்தில் குதிரை என்றுமே விருந்தாளியாகத்தான் இருந்து வந்திருக்கிறது. ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துகொண்ட மண்புரவிகள் வரிசையாய் நிற்கும். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களோடு கூடிய குதிரை நூல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டுள்ளது. கோடியக்கரைக் காட்டில் உடையவரின்றித் திரியும் குதிரைகளை இன்றும் காணலாம். ஆயினும் ஏருக்கும் பாரத்துக்கும் நமக்கு மாடே துணை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்திறங்கிய குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்றும், பேணத் தெரியாமையால் அவை மாண்டுபோகின்றன என்றும் எழுதி வைத்தார். இதை ஏன் முதலிலேயே கூறுகிறோம் என்பது பின்னர் விளங்கும்.

குடவாசலை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவரும் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருமான அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய மகளுக்கு மூளை முடக்குவாதம். பிள்ளைக்கு அறிவில் குறைவில்லை, உடல்தான் சொல்கேட்பதில்லை. தாய் அவளை இடுப்பில் தூக்கியே வளர்த்து வருகிறார். சிங்கப்பூரில் இத்தகைய பிள்ளைகள் குதிரை மீது அமர்ந்து பயிற்சி பெறுவதை அன்பர் நேரில் கண்டாராம். "கோவில் நிலத்தில் ஓரமாக ஒரு லாயம் போட இடம் கொடுங்கள், குதிரை வாங்கப் பணம் நான் அனுப்புகிறேன். என் மகளும், அவளைப் போன்ற பிள்ளைகளும் பயன் பெறட்டும்" என்பது அவர் வேண்டுகோள். பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஊருக்கென்று நினைத்த அந்த உள்ளத்தை முதலில் வணங்குகிறோம். ஆனால் மறுமொழியை உடனே எழுதிவிட நம்மால் இயலவில்லை. செய்தியைத் தீர விசாரித்த பிறகே இதை எழுதுகிறோம்.

அன்பர் கண்டது பொய்யன்று. சிங்கப்பூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் 1982-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடையாலும் தொண்டர்களாலும் நடைபெறுகிறது. ஹாங்காங்கில் இதே பணி 1975-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஆங்காங்கே இருந்த குழுக்கள் ஒன்றுகூடி 1969-இல் ஒரு சங்கமாயின.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாய் அமைந்தவர் டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டல் அம்மையார். 1944-இல், வயிற்றில் பிள்ளையோடு இருக்கையில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே வலு திரும்பவேயில்லை. ஆயினும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில், ஆண்களோடு நேருக்கு நேர் நின்று, குதிரையை நுட்பமாக நடத்தும் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பிறர் தூக்கி அமர்த்தினாலன்றிக் குதிரை ஏற இயலாதவர் அவர்! 1956-இலும் அதே பதக்கத்தை வென்றார். அவரைக் கண்ட பிறகே மருத்துவர்கள் பலர் குதிரையை வேறு கண்கொண்டு பார்க்கத் தொடங்கினர்.

நமக்கு நெருக்கமான மற்றோர் எடுத்துக்காட்டு, சிங்கப்பூரில் பிறந்த லாரன்ஷியா டான். மூளை முடக்குவாதமும் செவிட்டுத் தன்மையும் உடையவர். இங்கிலாந்தில் ஐந்து வயதில் அவரைக் குதிரை மீது அமர்த்தியது பதக்கத்துக்காக அன்று, உடற்பயிற்சி மருத்துவத்துக்காக. 2008-ஆம் ஆண்டு பாராலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதன்முதலாகப் பதக்கம் வாங்கித் தந்தவர் அவரே. இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்குவார்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பல பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பலன், சாய்ந்து விழாமல் பாயில் தாமே உட்கார்ந்து, ஒரு கையால் சோறு அள்ளி உண்பதுதான். அந்தப் பிள்ளையின் தாயைக் கேட்டால் அது எத்தகைய பதக்கம் என்று கூறுவார்.

குதிரை எப்படிப் பயன்படுகிறது? மந்திரம் ஏதுமில்லை. நாம் நடக்கும்போது நம் இடுப்பு மேலும் கீழும், பக்கவாட்டிலும், சற்றே திரும்பியும் அசைகிறது. குதிரை மெல்ல நடக்கையில் அதன் முதுகும் ஏறத்தாழ அவ்வண்ணமே அசைகிறது. மேலே அமர்ந்திருக்கும் பிள்ளையின் இடுப்புக்கு, தன் வாழ்நாளில் அறியாத நடையின் அசைவு அறிமுகமாகிறது. நிமிடத்துக்கு நூறு அடி என்று வைத்துக்கொண்டால் அரைமணி நேரத்தில் மூவாயிரம் முறை. ஒவ்வோர் அசைவுக்கும் உடல் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முயல்கிறது. குதிரையின் உடற்சூடு நம்முடையதைவிடச் சற்று மிகுதி. அந்தச் சூடும், தொடைகள் அகன்றிருக்கும் நிலையும், இறுகிப் பிணைந்த கால்களைத் தளர்த்துகின்றன. ஆதலால் இருக்கையாகப் பெரும்பாலும் கனத்த சேணத்தை விடுத்து, மெத்தென்ற விரிப்பையும் பிடித்துக்கொள்ள வாரையும் பயன்படுத்துகிறார்கள்.

ஆராய்ச்சிகள் என்ன கூறுகின்றன? மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகள் அமரும் நிலையும் உடற்சமநிலையும் தேறுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆய்வுகள் சிறியவை, பலன் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் 127 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பத்து வாரப் பயிற்சியில் எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்ததாகக் கண்டது. குதிரை நோயைக் குணப்படுத்திவிடும் என்று எவரேனும் கூறிப் பணம் கேட்டால் வாசகர்கள் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றவும் கூடாது. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேற்பகுதி உறுதியற்றிருக்கும். அதை மருத்துவர் சோதிக்காமல் குதிரையில் ஏற்றினால் பேராபத்து. மருந்துக்கு அடங்காத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவியிருத்தல், எலும்பு எளிதில் முறியும் தன்மை ஆகியவையும் அவ்வாறே. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவுவது உண்டு; பிள்ளை வலியென்று சொல்லாமலே நழுவும். நம் அன்பருக்குச் சொல்கிறோம்: குதிரை வருவதும் வராததும் இருக்கட்டும், மகளை இம்மாதமே அழைத்துச் சென்று இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் செய்யுங்கள். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் வந்துவிட்டது. முன்போல் தஞ்சாவூர்வரை போகவேண்டியதில்லை.

இனி, லாயத்துக்கு வருவோம். குதிரை கூட்டமாய் வாழும் விலங்கு. ஒன்றை மட்டும் கட்டிவைத்தால் ஏங்கும், மிரளும். மிரளும் குதிரை இப்பணிக்கு உதவாது. ஆகவே இரண்டு வேண்டும். முந்நூறு கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரை நாள்தோறும் ஏறத்தாழ ஆறு கிலோ உலர்தீவனம் உண்ணும். ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல். வைக்கோல் இங்கே மலிவுதானே என்று கூறுவோர் உண்டு. மாடு அசைபோட்டு வைக்கோலிலிருந்து எடுக்கும் சத்தைக் குதிரையால் எடுக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி காணும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதைப் பலர் அறியார். வயிற்றுவலியிலேயே அது மடிந்துபோவதுண்டு. மழைக்காலம் முழுதும் ஈரக் களிமண்ணில் நின்றால் குளம்பின் அடி அழுகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொரு முறை குளம்பைச் சீவ ஆள் வேண்டும். நம் பகுதியிலோ டிராக்டர் வந்தபின் மாட்டுக்கு லாடம் அடிப்பவரைக் காண்பதே அரிதாகிவிட்டது. மார்க்கோ போலோ கண்ட குறை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை! இவ்வளவும் செய்தால் குதிரை இருபத்தைந்து ஆண்டுகள், முப்பது ஆண்டுகள்கூட வாழும். வேலை செய்ய முடியாத கடைசி ஆண்டுகளில் அதற்குத் தீவனம் போடுபவர் யார்? திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொள்வோர் அன்று வரமாட்டார்கள்.

இவையெல்லாம் பணத்தால் தீரக்கூடிய தொல்லைகளே. பணத்தால் தீராதது வேறொன்று. குதிரை மீது அமர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூவர் வேண்டும். ஒருவர் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்துவார். அவர் கண் குதிரையை விட்டு அகலக்கூடாது. மற்ற இருவரும் பக்கத்துக்கு ஒருவராய், பிள்ளையின் தொடைமேல் கைவைத்துத் தாங்கியபடி அரைமணி நேரம் கூடவே நடப்பர். சிலருக்கு இருவர் தேவையில்லாமல் போகலாம்; ஆனால் தொடக்கத்தில் மூவரே முறை. இதற்கெல்லாம் மேலாக, எந்தப் பிள்ளைக்கு எந்த அசைவு நல்லது என்று பார்க்க உடற்பயிற்சி மருத்துவர் ஒருவர் அருகிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரு குதிரைகள் நடந்தால் அறுவர். காய்ச்சல், கல்லூரித் தேர்வு, அறுவடை, கல்யாணம் என்று வராமற்போவோரைக் கணக்கிட்டால் பதின்மர் இன்றி நடவாது. இரக்கமுள்ள நெஞ்சினர் நம் பங்கில் நூற்றுவர் இருப்பர். வாரந்தவறாமல், செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, மழையானாலும் வந்து நிற்பவர் எத்தனை பேர்? உதவியாளர் ஒருவர் வராவிட்டால் அன்று பிள்ளையைக் குதிரையில் ஏற்றமாட்டார்கள். புது உடை உடுத்திக் காத்திருந்த பிள்ளை திரும்பிப் போகும். அப்படி இரண்டு முறை திருப்பி அனுப்புவதைவிட, தொடங்காமலே இருப்பது மேல் என்று கருதுகிறோம்.

இன்னுமொன்று. அந்த அரைமணி நேரம் தாய் என்ன செய்வார்? ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளையின் எடை தம் இடுப்பில் இல்லாமல், தம் பிள்ளை தமக்கு மேலே உயரத்தில் அமர்ந்து தம்மைக் குனிந்து பார்ப்பதைக் காண்பார். எப்போதும் எல்லாரையும் அண்ணாந்தே பார்த்த பிள்ளையல்லவா? நம் ஊர்களில் இத்தகைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று வீடுவீடாய்ச் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்கட்டில், கொல்லைப்புறத்து அறையில். அக்காளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி மறைப்பவர்களும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு உரிமைகளை எழுதி வைத்துள்ளது. பின்கட்டுக் கதவைத் திறக்கச் சட்டத்தால் மட்டும் ஆகுமா?

எனவே அன்பருக்கு நம் மறுமொழி: குதிரையை இப்போது வாங்க வேண்டாம். பணத்தை வைத்திருங்கள். முதலில் கூட நடப்போரைச் சேர்ப்போம். வாரம் ஒரு மாலை உடற்பயிற்சி மருத்துவர் ஒருவர் பங்கு மண்டபத்துக்கு வர இசைந்துள்ளார். அவருக்கான போக்குவரத்துச் செலவை மட்டும் நீங்கள் ஏற்றால் போதும். குதிரை முதுகுக்குப் பதிலாக, கெட்டியான உருளைத் திண்டின் இருபுறமும் கால்போட்டுப் பிள்ளையை அமர்த்தி, இருவர் பிடித்துக்கொள்ள, அவர் பயிற்சி தருவார். குதிரையின் நடையை அத்திண்டு தராதுதான். ஆனால் பிள்ளையைப் பிடிக்கத் தெரிந்த கைகளும், தவறாமல் வரும் பழக்கமும் அதில் உருவாகும். ஓராண்டு இது தடையின்றி நடக்கட்டும். அதன்பின், மேட்டு நிலமாய்ப் பார்த்து லாயம் எழுப்புவதைப் பற்றியும், சாந்தமான மட்டக்குதிரைகள் இரண்டைத் தேடுவதைப் பற்றியும் பேசுவோம். குதிரைச் சாணத்தோடு பழகுவோர் அனைவரும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதையும் அப்போது நினைவூட்டுவோம்.

பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்துள்ளோம். இதுவரை பெயர் எழுதியவர் மூவர்: கல்லூரி மாணவர் இருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர். இன்னும் எழுவர் வேண்டும். மூவரும் ஆண்கள், வரவிருக்கும் பிள்ளைகளிலோ பெண்பிள்ளைகளே மிகுதி. ஆதலின் தாய்மார்களும் கன்னியரும் முன்வர வேண்டுகிறோம். எந்தச் சமயத்தவரும் வரலாம். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. மண்டபத்தின் பின்வாயில் வழியாக வாருங்கள். முன்வாயிலில் நான்கு படிகள் இருப்பதால் சக்கர நாற்காலி ஏறாது.